இல்லாத வியாதிக்கு இருபத்தொரு நாள்

தனக்கு இல்லாத வியாதிக்கு மாட்டுங்கா ப்ரொபேஷன் மாமா அளவுக்கு வைத்தியம் செய்துகொண்ட மனிதர் இந்தப் பூலோகத்திலேயே கிடையாது. சவால் விட்டுச் சொல்கிறேன். அவர் உடம்பில் சேறு காய்ந்திருக்கிறது, கரண்ட் பாய்ந்திருக்கிறது, தேனீ கொட்டியிருக்கிறது. இத்தனைக்கும் மனுஷருக்கு ஒரு தலைவலி, ஒரு ஜலதோஷம் என்று வந்தது கிடையாது. கல்லுக்குண்டு மாதிரி இருப்பார்.

வியாதி மாமிக்கு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் மாமாவைப் பைத்தியம் என்று நினைத்துவிடுவீர்கள். அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. கோட்டை வட்டாரத்தில் ஒரு பெரிய டாக்டர் மாமியை நடக்கச் சொல்லி, மூக்கைத் தொடச் சொல்லி, முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, "சிறுமூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டு வருகிறது. அபூர்வமான நரம்பு வியாதி. நடை தள்ளாடும், கை தடுமாறும், பேச்சு குழறும், வருஷத்துக்கு வருஷம் கூடும். எங்களிடம் மருந்து இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த ‘எங்களிடம்’ என்ற ஒரு வார்த்தையை மாமா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவர்களிடம் இல்லையென்றால் வேறு எவனிடமாவது இருக்கத்தானே வேண்டும் என்பது அவர் கட்சி.

மாமிக்கோ ஒரே ஒரு கவலைதான். கேரம்.

"கால் போனா உக்காந்துக்கறேன். வாய் குழறினா பேசாம இருக்கேன், உங்களுக்கும் சௌகரியம். கை போனா ஸ்ட்ரைக்கரை நான் எதால அடிப்பேன், கேட்டேளா?" என்று மாமாவைக் கேட்டாள்.

நியாயமான கேள்வி. எங்கள் கட்டடத்தில் ஸ்ரீராமநவமிக்குக் கேரம் போட்டி நடக்கும். ஆண் பெண் வித்தியாசம் கிடையாது, பரிசு ஒரு பித்தளைச் சொம்பு. ஏழு வருஷம் தொடர்ந்து மாமிதான் ஜெயித்தாள். ஏழு சொம்பையும் அடுக்களையில் வரிசையாக வைத்து, துவரம்பருப்பிலிருந்து வெந்தயம் வரைக்கும் அதில்தான் போட்டு வைத்திருந்தாள். எட்டாவது வருஷம் மாமியை ஒருத்தன் தோற்கடித்தான். அந்த மகானுபாவன் நான்தான்.

நான் அப்போது ஊரிலிருந்து புதிதாக வந்த குமாஸ்தா. மூன்றாவது மாடியில், மாமா வீட்டுக்கு அடுத்த அறையில் வேறு மூன்று பிரம்மசாரிகளோடு குடியிருந்தேன். வந்த வருஷமே சாம்பியனைச் சாய்த்துவிட்டேன் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன். மூன்று நாள் கழித்துத்தான் டாக்டர் சொன்ன விஷயம் காதில் விழுந்தது. அவமானமாகப் போய்விட்டது. அந்தச் சொம்பில் ஷேவிங்குக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன், அதைக் கையால் தொடவே கூசியது. நேரே போய்ச் சொம்பை மாமி முன்னால் வைத்தேன்.

"மாமி, இது உங்களோடது. எனக்குத் தெரியாமப் போச்சு."

மாமி சொம்பைப் பார்க்கவே இல்லை. "எடுத்துண்டு போடா. அடுத்த ராமநவமிக்கு வா, ஆடி வாங்கிக்கறேன். நீ மட்டும் பாவம் பாத்து விட்டுக்குடுத்தியோ, அப்பறம் இந்த வாசப்படி மிதிக்கப்படாது."

ஆக, கையில் ஒரு வருஷம்தான் இருந்தது. மாமா களத்தில் குதித்தார்.

மாமா ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் எஸ்டாபிளிஷ்மென்ட் செக்ஷனில் ஹெட்கிளார்க். புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவனையும் ப்ரொபேஷனில் போட்டு, குற்றங்குறை எழுதி, தேறினால் பெர்மனென்ட், தேறாவிட்டால் வீட்டுக்கு என்று முடிவு கட்டுவதுதான் அவர் உத்தியோகம். அதே சட்டத்தை வைத்தியர்களுக்கும் கொண்டுவந்துவிட்டார். எந்த வைத்தியமானாலும் முதலில் மாமாமேல் இருபத்தொரு நாள். மாமாவுக்குக் கெடுதல் ஒன்றும் ஆகவில்லை என்றால்தான் மாமிக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபைல், ஒவ்வொரு ஃபைலிலும் கடைசியில் ரகசிய அறிக்கை.

"ஏன் மாமா இந்த அவஸ்தை?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"அவ உடம்பு என்ன சோதனைச் சாலையாடா? ஏடாகூடமா ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? முதல்ல நான். அப்பறந்தான் அவ."

ஆபீஸ் காகிதம் என்றால் இரண்டு கையெழுத்து வேண்டுமே! சாட்சிக் கையெழுத்துக்கு என்னைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து என் பெயரே போய்விட்டது. படியில் என் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், "டேய் சாட்சி!" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

முதலில் வந்தது மண் சிகிச்சை. ஓர் இயற்கை வைத்தியர் சொன்னாரென்று தாராவி குயவர்களிடமிருந்து குழைத்த களிமண்ணை இரண்டு வாளி வரவழைத்தார். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை அப்பிக்கொண்டு பால்கனியில் சூரியனைப் பார்த்து உட்கார்ந்தார். மண் காய்ந்தது. காய்ந்தால் இறுகும் என்பது குயவருக்குத் தெரியும், வைத்தியருக்கும் மாமாவுக்கும் தெரியவில்லை. எழுந்திருக்க முடியவில்லை, வாயைத் திறக்க முடியவில்லை. பால் கொண்டுவந்த வடக்கத்திப் பையா, சதுர்த்திப் பிள்ளையாரை யாரோ முன்கூட்டியே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள் என்று நினைத்துக் கும்பிட்டார். பிள்ளையார் கண்ணைத் திறந்து பார்த்ததும் "அரே பாப்ரே!" என்று மூன்று மாடியையும் ஒரே ஓட்டத்தில் இறங்கிவிட்டார். நானும் என் அறைக்காரர்களும் சப்பாத்திக் கட்டையால் தட்டித் தட்டித்தான் மாமாவை வெளியே எடுத்தோம். புருவம் பாதி மண்ணோடு போய்விட்டது. அறிக்கை: ‘பிடிவாத குணம். எடுத்த காரியத்தை விடுவதில்லை. நீக்கம்.’

அடுத்தது பாட்டரி வைத்தியர். தாதரில் கடை வைத்திருந்தார். ஒரு மரப்பெட்டி, பக்கத்தில் ஒரு கைப்பிடி, இரண்டு பித்தளைத் தடி. தடிகளை மாமா இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும், வைத்தியர் கைப்பிடியைச் சுற்றுவார், நரம்பெல்லாம் புத்துயிர் பெறும் என்று ஏற்பாடு. சுற்ற ஆரம்பித்ததுதான் தாமதம், மாமா தமிழ், மலையாளம், ஹிந்தி, இங்கிலீஷ் என்று நான்கு பாஷையிலும் அலறினார். தடியை விடலாமென்றால் கை விடவில்லை. வைத்தியருக்கோ ஏக சந்தோஷம். "பாத்தீங்களா, உடனே வேலை செய்யுது!" என்று இன்னும் வேகமாகச் சுற்றினார். இருபத்தொரு நாளும் மாமா போனார் என்பதுதான் ஆச்சரியம். கடைசி நாள் இங்கிலீஷில் ஒரு சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தார்: ‘இவர் மிகுந்த ஆற்றலோடு பணி செய்தார். அந்த ஆற்றலிலிருந்து நான் உயிரோடு மீண்டேன்.’ வைத்தியருக்கு இங்கிலீஷ் வராது. அதைக் கண்ணாடி சட்டம் போட்டுக் கடை வாசலிலேயே மாட்டிவிட்டார்.

பின்னால் நடக்கும் வைத்தியம் ஒன்று வந்தது பாருங்கள், அதுதான் கட்டடத்துக்கே திருவிழா. ரிடையரான டிரில் மாஸ்டர் ஒருவர் சொன்னது. முன்னால் நடந்து கெட்ட நரம்பு பின்னால் நடந்தால் சரியாகுமாம். மாமா கிங்ஸ் சர்க்கிள் பூங்காவைப் பின்னாலேயே சுற்றினார். எதிரே வருகிறவர்களைத் தாண்டிப் போன பிறகுதான் முதுகைப் பார்த்து அவருக்கு ஆள் தெரியும், அப்புறம்தான் "நமஸ்காரம், சௌக்கியமா?" என்பார். ஆபீஸுக்கும் அப்படியே கிளம்பினார். மாட்டுங்கா ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் பின்னாலேயே நடந்துபோய் ஒரு மீன்காரியின் கூடையில் உட்கார்ந்துவிட்டார். சுத்த வைதீகக் குடும்பம்! அந்த அம்மாள் மராத்தியில் பேசியதை மாமா ஃபைலில் எழுதவில்லை. சாட்சி என்ற முறையில் எனக்குப் புரிந்தது, நானும் எழுதப்போவதில்லை.

தேனீ வைத்தியத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேனீக்கள் மாமாவை நாலு தடவைதான் கொட்டின. மீதியெல்லாம் என்னைத்தான்.

சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, மாமாவின் முகத்தை அப்போது பார்த்திருந்தால் நீங்கள் சிரித்திருக்க மாட்டீர்கள். ஏதோ இரண்டு எண்ணெயும் ஒரு கஷாயமும் மட்டும் ப்ரொபேஷனில் தேறி மாமிக்குப் போயின. "வாசனை நன்னாருக்கு" என்றாள் மாமி. அவ்வளவுதான். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் ஆளைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். தினம் சாயங்காலம் கேரம் பலகையைப் போட்டு மாமா எதிரே உட்காருவார். மாமா ஆட்டத்தில் சூன்யம், அது ஊருக்கே தெரியும். கல்யாணமான நாளிலிருந்து ஒரு போர்டு கூட ஜெயித்ததில்லை. இப்போது மாமியின் விரல் ஸ்ட்ரைக்கரைத் தொடுவதற்குள் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று அலைந்து, அடித்தால் காய் ஒரு மூலை, ஸ்ட்ரைக்கர் ஒரு மூலை என்று போனது. ஒரு நாள் மாமாவுக்குக் கடைசிக் காய் ஒன்றுதான் பாக்கி. குழிக்கு நேரே நின்றது. ஊதினால் விழும். மாமா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம், "ஆபீஸ் வேலை ஒண்ணு மறந்துடுத்து" என்று எழுந்து போய்விட்டார். மாமி பலகையைக் கலைக்காமல் வெகுநேரம் இருந்தாள். ராமநவமிக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

அந்தச் சமயத்தில்தான் காந்தக் காப்பு வந்தது. தாராவியில் இரும்புப் பட்டறை வைத்திருந்த திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர், மாட்டுங்கா மார்க்கெட் ஓரத்தில் சாக்கு விரித்து, "காந்தக் காப்பு! கை நடுக்கம், நரம்புத் தளர்ச்சி, எல்லாம் போகும்!" என்று கூவிக்கொண்டிருந்தார். கெட்டி இரும்பு வளையம், அரைப் பவுண்டு கனம் இருக்கும். மாமா உடனே வாங்கித் தன் வலது கையில் மாட்டிக்கொண்டார். ப்ரொபேஷன் ஆரம்பம். முதல் வாரம் பேனாவின் நிப் நாலு உடைந்தது. இரண்டாவது வாரம் ஆபீஸ் காகிதத்தில் எழுதினால் எழுத்து மேஜையில் பதிந்தது. மூன்றாவது வாரம் மணிக்கட்டு வீங்கி, சாதம் பிசையக்கூடக் கை எழும்பவில்லை. போதாக்குறைக்குக் குண்டூசியை அருகில் வைத்துப் பார்த்தார், ஒட்டவில்லை. மாமாவுக்கு வந்ததே கோபம்! என்னையும் இழுத்துக்கொண்டு தாராவிப் பட்டறைக்கே போனார்.

"ஓய், இதா காந்தம்? ஒரு குண்டூசி ஒட்டலையே!"

அண்ணாச்சி துருத்தியை நிறுத்திவிட்டு நிதானமாகப் பார்த்தார். "ஏன் சாமி கெடந்து சத்தம் போடுதிய? காந்தமெல்லாம் கெடையாது. வெறும் இரும்புதான்."

"பின்ன எதுக்குய்யா காந்தம்னு கூவினே?"

"இரும்பு இரும்புன்னு கத்துனா மாட்டுங்காவுல எவன் திரும்பிப் பாக்கான்? எங்க சித்தப்பாவுக்குக் கை வெடவெடன்னு ஆடும் சாமி. கனத்த சுத்தியலப் பிடிச்சார்னா ஆட்டம் அடங்கிரும். அதக் கண்டுதான் இத அடிச்சேன். கனந்தான் மருந்து."

கடைசியில் சொன்னது மாமா காதில் விழவே இல்லை. காந்தம் இல்லை என்று ஒப்புக்கொண்டதும் அங்கேயே நின்று, என் முதுகில் காகிதத்தை வைத்து எழுத ஆரம்பித்துவிட்டார். ‘தகுதிச் சான்று போலி. கை வீக்கம். நீக்கம்.’ நானும் மடையன் மாதிரி சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். காப்பு வீட்டுக்கு வந்து, நீக்கம் ஆனதெல்லாம் கிடக்கும் தகரப் பெட்டிக்குள் போயிற்று.

ஒரு வாரம் கழித்து, ஆபீஸ் விட்டு நானும் மாமாவும் ஒன்றாக மாடியேறிக்கொண்டிருந்தோம். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு சத்தம்.

டக்! தொடர்ந்து, காய் குழிக்குள் விழுகிற பொத்.

மாமா நின்றுவிட்டார். மறுபடியும் டக், பொத். கட்டடத்தில் நாற்பது பேர் கேரம் ஆடுவார்கள், ஆனால் அந்தத் ‘டக்’கை அடிக்கிற விரல் ஒன்றுதான் உண்டு. "டேய் சாட்சி, கேக்கறதாடா?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் இரண்டு இரண்டு படியாகத் தாவினார். ஐம்பது வயசு மனுஷர்! நான் பின்னாலேயே ஓடினேன்.

மாமி தனியாகப் பலகை முன்னால் உட்கார்ந்திருந்தாள். வலது கையில் இரும்புக் காப்பு. கை அலைந்தது, ஆனால் பழைய அலைச்சலில் பாதிதான். கனம் அதை இழுத்துப் பிடித்து நிறுத்தியது. ஸ்ட்ரைக்கரை வைத்தாள், ஒரு மூச்சு காத்தாள், அடித்தாள். சிவப்புக் காய் மூலையில் போய் விழுந்தது.

மாமாவின் வாயிலிருந்து முதலில் வந்தது என்ன தெரியுமா? "அது டிஸ்மிஸ் ஆன கேஸாச்சே!"

"பலகைக்குப் போடப் போரிக் பவுடர் தேடிண்டு பெட்டியத் தொறந்தேன். கெடந்தது, போட்டுண்டேன்" என்றாள் மாமி.

"நேக்குக் கை வீங்கித்தேடி! மூணு வாரம் போட்டுண்டிருந்தேனே, ஒரு குணமும் தெரியலையே!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நன்னா இருக்கற கையில போட்டா அது எதைக் குணமாக்கும்? வியாதி நேக்குன்னா!"

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வைத்த கண் வாங்காமல் அலமாரியில் இருந்த ஃபைல்களைப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. பதினான்கு வைத்தியம், பதினோரு மாதம், இரண்டு கையெழுத்து, எங்கள் இரண்டு பேருக்கும் இது தோன்றவே இல்லை! "தப்பான ஆளை டெஸ்ட் பண்ணிண்டு இருந்திருக்கேன்டி. இத நான் ஒரு மாசம் முன்னாடியே உன் கையில போட்டிருக்கணும்" என்று மாமா சொன்னபோது அவர் குரல் உடைந்துவிட்டது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். மாமி கையை நீட்டி அவர் தலையில் வைத்தாள். காப்பின் கனத்தில் அது ணங்கென்று விழுந்தது. "ஐயோ!" என்றார் மாமா. மாமி சிரிக்க, மாமாவும் அழுகையோடு சிரித்துவிட்டார்.

மறுநாளே தாராவிக்குப் போனோம். எங்களைக் கண்டதும் அண்ணாச்சி, "மறுபடியும் சண்டைக்கா வந்திய?" என்று சுத்தியலைக் கீழே வைத்தார். மாமா முறைப்படி டைப் அடித்த உத்தரவை நீட்டினார்: ‘மேற்படி காப்பை நீக்கிய உத்தரவு ரத்து. முன்தேதியிலிருந்து மறு நியமனம். ப்ரொபேஷன் தேவையில்லை. பெர்மனென்ட்.’

"இத வச்சு நான் என்ன செய்ய சாமி?"

"வச்சுக்கோய்யா. நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்."

அண்ணாச்சி அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு ஒரு நூலைக் கொடுத்து, "அம்மா கைக்கு அளவு எடுத்துட்டு வாங்க. பெரிய காப்பு மணிக்கட்ட அறுத்துரும்லா" என்றார். அளவாக வேறொன்று அடித்து, உள்பக்கம் துணி சுற்றி, தானே கொண்டுவந்து கொடுத்துவிட்டும் போனார்.

ராமநவமி வந்தது. பஜனை முடிந்து சுண்டலும் பானகமும் கொடுத்த கையோடு போட்டி. மூன்று போர்டில் இரண்டு ஜெயித்தால் சொம்பு. ஃபைனலில் யார்? நானும் மாமியும்! முதல் போர்டை நான் எடுத்தேன். இரண்டாவதை மாமி எடுத்தாள். மூன்றாவதில் எனக்கு ஒரு காய், மாமிக்கு ஒரு காய், சிவப்பும் பாக்கி. படிக்கட்டெல்லாம் ஜனம். மாமா எங்கே என்று பார்த்தால், பார்க்கத் தைரியமில்லாமல் வராந்தாவில் முதுகைக் காட்டிக்கொண்டு பின்னால் பின்னால் நடந்துகொண்டிருக்கிறார்!

என் முறை. சிவப்பு குழிக்கு நேரே நின்றது. மாமி என் கண்ணையே பார்த்தாள். விட்டுக்கொடுத்தால் வாசப்படி மிதிக்கக்கூடாது. குறி பார்த்து, முழு மனசோடு அடித்தேன். காய் குழியின் உதட்டில் இடித்துத் திரும்பி வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் விட்டுக்கொடுக்கவில்லை. இத்தனை வருஷமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒரு பயல் நம்புவதில்லை.

மாமி காப்பை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். டக், சிவப்பு. டக், வெள்ளை. கட்டடமே கத்தியது. பின்னால் நடந்து வந்துகொண்டிருந்த மாமா, சத்தம் கேட்டுத் திரும்பி, "யாரு? யாரு?" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தார். மாமி சொம்பைத் தூக்கிக் காட்டினாள்.

காப்பு வியாதியை நிறுத்தவில்லை. அதையும் சொல்லத்தானே வேண்டும்? டாக்டர் சொன்னபடியே வருஷத்துக்கு வருஷம் கூடியது. நான் கல்யாணமாகிக் காட்கோபருக்குக் குடிபோனேன். சுதந்திரம் வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமியைப் பார்க்கப் போனேன். கதவைத் திறந்த மாமாவின் வலது மணிக்கட்டில் ஓர் இரும்புக் காப்பு.

"மாமா, உங்களுக்குமா?"

"சீச்சீ, நேக்கு ஒண்ணும் இல்லடா. அவ கைக்கு வருஷா வருஷம் கனம் ஏத்திண்டே வரோம். நான் மட்டும் வெறுங்கையோட எதிரே உக்காந்தா அது ஆட்டமாடா? அதான், அவளுக்கு எவ்வளவோ அவ்வளவே நேக்கும் அடிச்சுக் குடுன்னு அண்ணாச்சிகிட்ட சொல்லிட்டேன்."

உள்ளே மாமி நாற்காலியில் சாய்ந்திருந்தாள். கால் முழுக்கப் போய்விட்டது. ஒவ்வொரு வார்த்தையாகத்தான் பேச்சு வந்தது. "அவர்... சும்மாவே... தோப்பார். இப்ப... ஒரு சாக்கு... கெடச்சிருக்கு."

பலகையைப் போட்டார்கள். மாமி ஸ்ட்ரைக்கரை வைக்க ஒரு நிமிஷம், குறி பார்க்க ஒரு நிமிஷம் ஆயிற்று. மாமா காப்புக் கையை மடியில் வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் காத்திருந்தார். சாயங்காலம் வரைக்கும் ஒரே ஒரு போர்டுதான் ஆடினார்கள், மாமிதான் ஜெயித்தாள். மாமா அதை எழுதி ஃபைலை நீட்டினார். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.